எதிரே இருப்பவரின் இடப்பக்கம்

பிப்ரவரி 11, செவ்வாய்.

இன்றைய தவறு: இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் வாடிக்கையாளர் அம்மாளுக்கு அவர் வீட்டுக்கே போய் முடி வெட்டினேன். இடது பக்கம் வகிடு கேட்டார். வலது பக்கம் எடுத்துவிட்டேன். அவருடைய மருமகள் வந்து பார்த்துச் சிரித்த பிறகுதான் தெரிந்தது. மாற்றி வாரிவிட்டு மன்னிப்புக் கேட்டேன். இத்தனை வருட வேலையில் இப்படி நடந்ததில்லை. காரணம்: கவனக்குறைவு (?).

அந்தக் கேள்விக்குறியைப் போட்டுவிட்டு அவள் பேனாவை மூடினாள். பிறகு திறந்தாள். கவனக்குறைவு என்ற சொல்லையே அடித்துவிடலாமா என்று பார்த்தாள். வேறு காரணம் தெரியாதபோது கையிலிருக்கிற காரணத்தை அடிப்பது சரியில்லை என்று மறுபடி மூடினாள். அவள் சுபாவம் அப்படி. கடையைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்த பிறகு திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். இழுத்துப் பார்த்ததற்காக வீடு வரைக்கும் தன்னையே திட்டிக்கொண்டு போகிற ரகமும்கூட.

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் மாலை வகுப்பில் சேர்ந்த அன்று தொடங்கியது. மேலே இன்றைய தவறு, கீழே நாளைய வேலை. நடுவில் ஆசைக்கோ அழுகைக்கோ அவள் இடம் விடுவதில்லை.

பகலெல்லாம் அக்காவின் சலூனில் வேலை. சாயங்காலமானால் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்த பயிற்சி வகுப்பு. சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்கிற இடம் அது. வருகிறவர்கள் எல்லாரும் எங்கேயாவது வேலை பார்த்துவிட்டு மூச்சு வாங்க மாடியேறுகிறவர்கள் என்பதால், அங்கே பெயர்கள் எடுபடவில்லை. மருந்துக்கடையில் நிற்பவளை மாத்திரை என்றார்கள். பேருந்து நடத்துநர் டிக்கெட் ஆனார். இவள் கத்திரி. பாடம் நடத்துகிறவரும் தப்பவில்லை. "பதிலைத் தேடாதீங்க, தப்பான ஆப்ஷனை விரட்டுங்க, மிச்சம் நிக்கிறதுதான் பதில்" என்று அவர் நாள் தவறாமல் சொன்னதால், ஆப்ஷன் சார் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

தர்க்கப் பகுதி அவளுக்குப் பிடித்திருந்தது. எல்லாக் குடைகளும் கடிகாரங்கள், சில கடிகாரங்கள் நீலம் என்று உலகத்தில் இல்லாத சங்கதியை எல்லாம் கொடுத்து, இதிலிருந்து கட்டாயம் வருவது எது என்று கேட்டால், யாருடைய முகத்தையும் பார்க்காமல் பதில் சொல்லலாம். அவளைக் கவிழ்த்தது வட்டம். ஆறு பேர் ஒரு வட்ட மேசையைச் சுற்றி, மையத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். இவருக்கு எதிரே அவர், அவருக்கு இடப்பக்கம் இன்னொருவர் என்று ஆரம்பித்தாலே அவளுக்கு ஆட்கள் இடம் மாறிவிடுவார்கள். ஒரு வட்டம் பிசகினால் அதைச் சேர்ந்த ஐந்து கேள்வியும் போச்சு. தப்புக்கு மதிப்பெண் கழிப்பார்கள் என்பதால், போனதோடு கையிலிருந்ததும் போகும்.

புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் ஆப்ஷன் சார் அவளை நிறுத்தினார். அவள் போட்ட வட்டத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, எக்ஸ்ரே பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"முழுசா தப்பா இருந்தா சொல்லிக் குடுத்துடலாம், கத்திரி. உன்னோடது பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி எப்ப சரியா வரும்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

"இன்னும் கொஞ்சம் போட்டுப் பழகினா வந்துடும் சார்."

"போன மாசமும் இதைத்தான் சொன்ன. நான் ஒரு வழி சொல்றேன் கேளு. வட்டம் வந்தா தாண்டிப் போயிடு. அஞ்சு கேள்வி போனா போகட்டும். மத்ததுல நீ கெட்டி. ஞாயித்துக்கிழமை அறுபது தாராளமா வரும்."

பக்கத்தில் பையை மாட்டிக்கொண்டிருந்த மாத்திரை, "சார் சொல்றது நல்ல மருந்துதான். கண்ணை மூடிக்கிட்டு முழுங்கிடேன்" என்றாள்.

அவர் சொன்னதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. அதுதான் அவளுக்கு எரிந்தது. கரும்பலகையின் மேல் மூலையில், அழிக்காதீர்கள் என்ற குறிப்போடு, இரண்டு வாரமாக ஒரு வாசகம் இருந்தது: 'ஞாயிறு மாதிரித் தேர்வில் அறுபதும் அதற்கு மேலும் எடுப்பவர்கள் இறுதி வகுப்பில் சேர்க்கப்படுவார்கள்.' இறுதி வகுப்பு என்றால் பக்கத்திலிருந்த சின்ன அறை. உண்மையான தேர்வு வரைக்கும் அங்கே தினமும் பயிற்சி உண்டு. மற்றவர்கள் அடுத்த வருடம் வர வேண்டியதுதான்.

அவளுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது. அக்கா அதை முதலிலேயே கறாராகச் சொல்லியிருந்தாள். "ஒரு வருஷம் விட்டுத் தர்றேன். அந்தக் கடைசி வகுப்பு வரைக்கும் போயிட்டா பரீட்சை எழுது, நான் குறுக்கே நிக்க மாட்டேன். போகலைன்னா, நாம திறக்கப்போற புதுக் கடையை நீதான் பார்த்துக்கணும். அதுக்கப்புறம் சட்டம் கிட்டம்னு வாயைத் திறக்கக் கூடாது. சரியா?" சரி என்று அவளும் தலையாட்டியிருந்தாள்.

ஆனாலும் தாண்டிப் போ என்ற சொல்லை அவளால் விழுங்க முடியவில்லை. அந்தச் சொல்லை அவள் ஏற்கெனவே ஒரு மேசைக்கு முன்னால் கேட்டிருக்கிறாள். சலூன் இருந்த கட்டடத்தின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அக்காவோடு ஒரு வக்கீல் அலுவலகத்துக்குப் போனபோது, ஒரு பக்கம் புரியாமல் அவள் கேள்வி கேட்டாள். அந்த வக்கீல் அவளைப் பார்க்கக்கூட இல்லை. "அந்தப் பக்கம் உங்களுக்குத் தேவைப்படாதும்மா. தாண்டிடுங்க. கையெழுத்து கடைசிப் பக்கத்துல" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா தாண்டினாள். அந்தப் பக்கத்தில் இருந்ததன்படிதான் அடுத்த மழைக்கு ஒழுகிய கூரையை இவர்களே சொந்தக் காசில் பூச வேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் அவள் சட்டம் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். இப்போது அந்தப் படிப்புக்குள் நுழைய ஒரு பக்கத்தைத் தாண்டு என்கிறார்கள்.

வியாழக்கிழமை காலை, கூட்டம் வருவதற்கு முன்னால், தான் இதுவரை பிசகிய வட்டங்களை எல்லாம் துண்டு மடிக்கும் மேசையில் பரப்பினாள். தவறான இடங்களில் சிவப்புப் புள்ளி வைத்தாள். வைத்து முடித்ததும் கை அப்படியே நின்றது. ஒவ்வொரு வட்டத்திலும் கீழ்ப் பாதி சுத்தமாக இருந்தது. சிவப்பெல்லாம் மேல் பாதியில். அதாவது தனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவர்களின் இடமும் வலமும் அவளுக்குச் சரியாக வருகின்றன. தன்னைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள்தான் மாறிப்போகிறார்கள்.

ஏன் என்று தெரியவில்லை. புத்தி மட்டம் என்று எழுதிக்கொள்ளத் தோன்றியது. அது மேல் பாதியில் மட்டும் மட்டமாக இருக்காதே என்று அதையும் சந்தேகப்பட்டாள்.

பத்து மணிக்கு வங்கிக்காரர் வந்தார். வழக்கமாக வருகிறவர், வாய் ஓயாதவர். கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "இடது காதுக்கு மேல இன்னும் கொஞ்சம் எடும்மா" என்றார். அவள் யோசிக்காமல் தன் இடது கைப்பக்கம் போனாள். எடுத்தாள். பேச்சு சுவாரசியத்தில் அவர் நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பி, அதே காதைத் தடவிக்கொண்டு, "இப்ப சரி" என்றார்.

அந்தக் காது இப்போது அவளுடைய வலது கைப்பக்கம் இருந்தது.

கத்தரிக்கோல் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. "கொஞ்சம் கண்ணாடியைப் பாருங்க" என்றாள். அவர் திரும்பினார். காது இடது பக்கம். "இப்ப என்னைப் பாருங்க." காது வலது பக்கம். "மறுபடி கண்ணாடி."

"என்னம்மா, கழுத்துச் சுளுக்கு எடுக்கிறியா? அதுக்குத் தனிக் காசா?"

அவள் சிரிக்கவில்லை. பள்ளிப் படிப்பை முடித்த நாளிலிருந்து அவள் மனிதர்களின் பின்னால்தான் நின்றிருக்கிறாள். அவர்கள் முகத்தைக் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறாள். பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் கண்ணாடி வழியாகத்தான். கண்ணாடியில் அவளைப் பார்க்கிற முகத்தின் இடப்பக்கம் அவளுடைய இடப்பக்கத்திலேயே இருக்கும். மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற முகத்துக்கு அது நேர்மாறு. வட்டத்தின் மேல் பாதியில் அவள் இத்தனை நாளும் மனிதர்களை உட்காரவைக்கவில்லை, கண்ணாடியை மாட்டிவைத்திருக்கிறாள். படுக்கையில் இருந்த அம்மாளின் எதிரே, கண்ணாடி இல்லாத அறையில், வகிடு மாறியதும் அதனால்தான்.

"அக்கா, எனக்கு வட்டம் ஏன் தப்பாப் போகுதுன்னு தெரிஞ்சுபோச்சு!"

கல்லாவில் இருந்த அக்கா தலையைத் தூக்காமலே, "சந்தோஷம். அவர் கழுத்துல இருக்கிற முடியைத் தட்டிவிடு" என்றாள்.

காரணம் தெரிந்துவிட்டால் பழக்கம் போய்விடுமா என்ன? அன்று மத்தியானம் போட்ட வட்டத்தில் மறுபடியும் மேலே சிவப்பு. எதிரே இருப்பவரை நினைத்தவுடன் மனசு தானாகக் கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு பின்னறைக்குப் போய், வேலை பழக வருகிறவர்களுக்காக வைத்திருந்த பொம்மைத் தலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தாள். ஆறு தலைகள். மேசையில் வட்டமாக, உள்ளே பார்க்க வைத்தாள். நெற்றியில் ஒட்டுத்தாள் ஒட்டி க, ச, ட, த, ப, ம என்று எழுதினாள். கேள்வியை வாசித்தாள்: க-வுக்கு எதிரே ட. ட-வின் இடப்பக்கம் ச. மேசையைச் சுற்றிப் போய் ட-வின் பின்னால் நின்றாள். முடி வெட்ட நிற்பதுபோலவே. தன் இடது கையை நீட்டினாள். அங்கே ச-வை வைத்தாள். திரும்பத் தன் பழைய இடத்துக்கு வந்து பார்த்தால், ச வலது பக்கம் இருந்தது.

அப்போது பார்த்துத்தானா ஒரு வாடிக்கையாளர் கதவைத் திறக்க வேண்டும்? உள்ளே வந்த அந்தப் பெண் மேசையைப் பார்த்தாள், நெற்றிகளைப் பார்த்தாள், "நீங்க ஏதோ மீட்டிங்ல இருக்கீங்க போல. அப்புறம் வர்றேன்" என்று வந்த வழியே போய்விட்டாள்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏண்டி, உயிருள்ள தலை வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போகுது. நீ உயிரில்லாத தலைங்களை உட்கார வச்சுப் பஞ்சாயத்துப் பண்ற! அந்த சார்தான் தாண்டிப் போன்னு சொன்னாராமே? படிச்ச மனுஷன் சொல்றதைக் கேட்டா என்ன?"

"வக்கீலும்தான் தாண்டச் சொன்னார்."

"அதையே எத்தனை தடவை குத்திக் காட்டுவ?"

"நம்ம காசுல பூசின கூரை நிக்கிற வரைக்கும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததைக் காட்டக் கூடாது என்று முகத்தை இறுக்கிக்கொண்டாள். "நாளைக்குக் கடை திறந்திருக்கிற நேரத்துல இந்தத் தலைங்க வெளியே வந்துச்சு, அவ்வளவுதான், உன் தலையையும் சேர்த்து வச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எனவே வெள்ளியும் சனியும் கடை திறப்பதற்கு முன்னால்தான் தலைகள் கூடின. அவள் ஒவ்வொருவர் பின்னாலும் போய்ப் போய் நின்றாள். சனிக்கிழமை, மேசையைச் சுற்றாமல் நின்ற இடத்திலிருந்தே, மனசுக்குள் மட்டும் நடந்துபோய் நிற்க முடிந்தது. நேரம் பிடித்தது. ஆனால் வட்டம் முழுசாகச் சுத்தமாக வந்தது. சரியாக வந்ததையும் நம்பாமல், பொம்மைத் தலைகளை வைத்து இன்னொரு முறை சரிபார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு. இரண்டாவது தாளைத் திருப்பியதும் வட்டம் உட்கார்ந்திருந்தது. ஆறு பேர்கூட இல்லை, எட்டுப் பேர். தாண்டிப் போ என்று சாரின் குரல் காதில் கேட்டது. பக்கத்து வரிசையில் மாத்திரை சர்ரென்று பக்கத்தைத் திருப்பிய சத்தமும் கேட்டது. இவள் திருப்பவில்லை. எட்டுப் பேருக்கும் பின்னால் ஒவ்வொருவராகப் போய் நின்றாள். ஐந்து கேள்விக்கும் பதிலைக் கறுப்பாக்கிவிட்டு நிமிர்ந்தபோது, சுவர்க் கடிகாரம் அவளை விட்டுவிட்டு வெகுதூரம் ஓடியிருந்தது. தலைதெறிக்க மற்றவற்றைப் போட்டாள். வாசித்துப் பதில் சொல்ல வேண்டிய கடைசிப் பத்திக்கு வந்தபோது தாளை வாங்கிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை மாலை ஆப்ஷன் சார் மதிப்பெண்களை வாசித்தார். மாத்திரை அறுபத்திரண்டு. டிக்கெட் அறுபது, மயிரிழையில். "கத்திரி, அம்பத்தெட்டு."

வகுப்பே அவள் பக்கம் திரும்பாமல் இருக்கப் பாடுபட்டது. மற்றவர்கள் கிளம்பிய பிறகு அவள் அவர் மேசைக்குப் போனாள். மாத்திரை வாசலில் செருப்பை மாட்டுவதுபோல மாட்டிக்கொண்டே நின்றாள்.

"பார்த்தியா? வட்டம் அஞ்சும் சரி" என்றார் சார். அவர் குரலில் கோபமில்லை; வருத்தம்தான் இருந்தது. "ஆனா கடைசிப் பத்தியை நீ தொடவே இல்ல. வட்டத்தை விட்டிருந்தா அறுபத்தஞ்சு எடுத்திருப்ப."

"எடுத்திருப்பேன் சார். வட்டம் தெரியாதவளா எடுத்திருப்பேன்."

"பரீட்சைக்கு அதெல்லாம் தெரியாதும்மா. சரி விடு, அடுத்த வருஷம் வா. முதல் ஆளா உன்னைச் சேர்த்துக்கறேன்."

"எனக்கு அடுத்த வருஷம் இல்ல சார். நான் இந்த வருஷமே உள்ள வர்றேன்."

அவர் கரும்பலகையின் மேல் மூலையைக் காட்டினார். அவள் அதைப் பார்த்தாள். நான் கேட்பது நியாயமா, இல்லை வாய்ஜாலமா என்று தன்னைத்தானே ஒரு தரம் கேட்டுக்கொண்டாள். நேற்றிரவெல்லாம் அவள் அந்த வாசகத்தை முன்னும் பின்னும் புரட்டியிருந்தாள்.

"அறுபது எடுத்தா சேர்ப்பாங்கன்னுதான் போட்டிருக்கு சார். அறுபது எடுக்காதவங்களைப் பத்தி அதுல ஒண்ணுமே இல்லை. கடை பூட்டியிருந்தா விளக்கு எரியாது. அதுக்காகக் கடை திறந்திருந்தா விளக்கு எரிஞ்சே ஆகணுமா, கரண்ட் போயிருக்கலாம்ல? இதைப் போன வாரம் நீங்கதான் நடத்தினீங்க. நான் திருப்பிப் போட்டேன்னு எனக்கு ரெண்டு மார்க்கைக் கூடக் குறைச்சீங்க."

வாசலில் செருப்புச் சத்தம் நின்றது.

ஆப்ஷன் சார் பலகையை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு ஆசிரியர் என்பது ஞாபகம் வந்தவராக, "சரி. ஆனா உன்னைச் சேர்த்துக்கணும்னும் அது சொல்லலையே?" என்றார்.

"சொல்லலை சார். ஒத்துக்கறேன். என்னை உள்ள வரச் சொல்லவும் இல்லை, வெளியே போகச் சொல்லவும் இல்லை. அப்ப இது பலகை சொல்றது இல்ல, நீங்க சொல்றது. எனக்கு வட்டமே வராதுன்னு நினைச்சுச் சொல்றீங்கன்னா, உங்க வாயாலயே சொல்லிடுங்க. பலகையைக் காட்டாதீங்க."

அவர் அவளுடைய விடைத்தாளை மறுபடி எடுத்தார். அவள் வட்டம் போட்டிருந்த பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். எட்டுப் பேரில் ஒருவர்கூட இடம் மாறவில்லை.

"வட்டம் வராதுன்னு நான் எப்படிச் சொல்றது?" என்றார் கடைசியில். "வந்திருக்கே. ஆமா, தப்பாப் போன பாதி எப்படித் திடீர்னு சரியாச்சு?"

"கண்ணாடியைக் கழட்டிட்டேன் சார்."

அவருக்குப் புரியவில்லை. கேட்டால் இவள் இன்னும் ஏதாவது பேசுவாள் என்ற பயத்தில் கேட்கவும் இல்லை. "நீ வக்கீலாகி எந்த ஜட்ஜு மாட்டப்போறாரோ பாவம்" என்று முணுமுணுத்தார். "இதோ பாரு, அந்தச் சின்ன அறையில உட்கார இடம் கிடையாது. இருக்கிற நாற்காலி எல்லாம் ஆள் ஆயிடுச்சு. பொய் சொல்லலை, வேணும்னா எட்டிப் பாரு."

"நின்னுக்கறேன்."

"தினமும் ரெண்டு மணி நேரமா?"

"காலையிலேர்ந்து நின்னுதான் சார் என் பொழப்பே ஓடுது. இதுக்கு மேல ரெண்டு மணி நேரம் எனக்கு ஒரு கணக்கா?"

"எழுதுறது எப்படி? உள்ளங்கையிலயா?"

"சுவர் இருக்கு."

வாசலிலிருந்து மாத்திரை சிரித்தது கேட்டது. சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"பரீட்சையில வட்டம் வந்தா தாண்டுவியா, மாட்டியா?"

"மாட்டேன் சார்."

"அப்ப வேகமாப் போடப் பழகு. இந்த வேகத்துல போனா நீ வட்டத்துலயே குடித்தனம் நடத்திட்டு வரலாம். நாளைக்கு வந்து சேரு."

படி இறங்கும்போது மாத்திரை அவள் தோளில் இடித்தாள். "என் நாற்காலியில பாதி தர்றேன் வாடி. ஆனா என் மேல சாயக் கூடாது."

"வேண்டாம், நீ சௌகரியமா உட்காரு. நான் பின்னால நின்னாத்தான் எனக்கு எல்லாம் சரியாத் தெரியும்."

சலூனில் அக்கா தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். இவள் முகத்தைப் பார்த்தாள், நேராகத்தான் பார்த்தாள். "என்ன ஆச்சு?"

"அம்பத்தெட்டு."

அக்கா துடைப்பத்தை நிறுத்தினாள். "அறுபதுன்னுல்ல சொன்ன?"

"ஆமா. ஆனா சேர்ந்துட்டேன். நாற்காலி மட்டும் இல்ல, நின்னுக்கிட்டுத்தான் படிக்கணும்."

"கெஞ்சினியா?"

"இல்ல. சண்டை போட்டேன்."

அக்கா முறத்தை எடுத்தாள். புதுக் கடைக்கு அவள் மனசுக்குள் இவளையே ஆளாகப் போட்டு, பலகை மாட்டி, விளக்குக்கூட ஏற்றிவிட்டாள் என்பது இவளுக்குத் தெரியும். "பேச்சு பேச்சுதான்" என்றாள் கடைசியில், குப்பையை முறத்தில் தள்ளிக்கொண்டே. "கடைசி வகுப்புக்குப் போனா குறுக்கே நிக்க மாட்டேன்னேன். நிக்க மாட்டேன். ஆனா கால் வலிக்குதுன்னு ஒரு நாள் இங்க வந்து முனகினேன்னு வை, அப்ப இருக்கு உனக்கு."

"முனக மாட்டேன்."

"பார்க்கலாம்."

பிப்ரவரி 17, திங்கள்.

இன்றைய தவறு: சாரிடம் பேசும்போது குரல் உயர்ந்துவிட்டது. சொன்னதில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை. மறுபடி யோசித்துப் பார்த்தேன், இல்லை.

நாளைய வேலை: கடை திறப்பதற்கு முன் எட்டுப் பேர் வட்டம் நான்கு. கடிகாரத்தை எதிரே வைத்துப் போட வேண்டும். பிறகு ஞாயிற்றுக்கிழமை விட்டுப்போன கடைசிப் பத்தி, அதற்குரிய கேள்விகளோடு.